வாசலில் கேட்கும் காகிதம்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 2008 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் முன்னாள் படைவீரர்களுக்கென்றே, தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்பும் ஒரு சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். அதற்குமுன் அவருடைய மனநல நீதிமன்றத்தில், வியட்நாம் போரில் இருந்த ஒருவர் எதற்கும் வாய் திறக்காமல் தலைகவிழ்ந்து நின்றார். அதே போரிலிருந்து திரும்பிய சகாக்கள் இருவரை அனுப்பி, வெளியே தாழ்வாரத்தில் அவரோடு பேசவைத்தார் ரஸ்ஸல். உள்ளே வந்தவர் அணிவகுப்பில் நிற்பதைப்போல் நிமிர்ந்து நின்று, இனி முயல்வதாகச் சொன்னார். இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் 600-க்கும் மேல். குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழிகாட்டியாக இன்னொரு முன்னாள் வீரர் வருகிறார். படைவீரர் நலத்துறை ஊழியர் நீதிமன்றத்திலேயே மடிக்கணினியோடு அமர்ந்து சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறார். ஏற்பாட்டில் குறையில்லை, யாரை உள்ளே விடுவது என்பதில்தான் சிக்கல்.

பல நீதிமன்றங்கள் நலத்துறையின் சிகிச்சைக்குத் தகுதியுள்ளவர்களையே சேர்க்கின்றன. அந்தத் தகுதியோ, ராணுவம் தரும் விடுவிப்புச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: 2011 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்ட 91,764 பேரில் 62 சதவீதத்தினருக்கு, அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் போர் அதிர்ச்சி நோய், மூளைக்காயம் அல்லது வேறு சில மனநலப் பாதிப்புகள் கண்டறியப்பட்டிருந்தன. அவர்களில் 13,283 பேருக்குக் கிடைத்தது, நலத்துறைச் சிகிச்சைக்கான தகுதியைப் பறிக்கக்கூடிய கண்ணியக்குறைவான விடுவிப்பு. தூக்கமின்மையும் குடியும் திடீர்ச் சினமும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். படைமுகாமில் அவை ஒழுங்கீனம். அதே நோய் பின்னர் ஒருவரைக் கூண்டில் ஏற்றும்போது, பழைய சான்றைக் காட்டி மருந்தை மறுப்பது என்ன நியாயம்? 2009-இல் கொரியப் போர் வீரர் ஒருவரின் மரண தண்டனை வழக்கில், அவர் அனுமதியின்றி முகாமைவிட்டு ஓடியதுகூடப் போரின் கொடுமைக்குப் பொருந்துவதுதான், அவருடைய சேவையை அது குறைத்துவிடாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம்.

சீருடை அணிந்தவர்களுக்கு மட்டும் ஏன் தனி நீதி என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வன்முறைக்கு நடுவே வளர்ந்த ஏழைச் சிறுவனுக்கும் மனக்காயம் உண்டு; அவனுக்கும் இது கிடைத்தால் நல்லதுதான். ஆனால் வீரரின் காயம் அரசு அனுப்பிய இடத்தில் பட்டது. இதைச் சலுகை என்பதும் சரியல்ல: அடிக்கடி ஆஜராக வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், தவறினால் வழக்கமான தண்டனை காத்திருக்கிறது. எளிதில் பதில் சொல்ல முடியாதவை குடும்ப வன்முறை வழக்குகள். அடிவாங்கிய மனைவியைக் கேட்காமல், அவளுடைய பாதுகாப்புக்கு வழிசெய்யாமல், யாரையும் இதில் சேர்க்கக் கூடாது.

மிச்சமிருப்பது பணம். நலத்துறை 2024-இல் தகுதி விதிகளைத் தளர்த்தி, மனநலப் பாதிப்பையும் கருத்தில் கொள்ளலாம் என்றது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதன் முடிவுக்காகக் குற்ற வழக்கு காத்திருக்காது. அந்த இடைவெளியில் உள்ளூர் மனநல மையத்தில் ஆகும் செலவை மாநில அரசு ஏற்றுக்கொண்டால், சான்றைப் பார்க்காமலே நீதிபதி அனுமதிக்கலாம்.