12 வோல்ட்டுக்கு வாங்கிய மீட்டர் 12 வோல்ட்டோடு நிற்காது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மின்னியல் உதிரிப்பாகக் கடைகளில் மாணவர் நடமாட்டம் கூடிவிடும். கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். எல்.இ.டி. விளக்குப் பட்டை, அடாப்டர், ஆர்டுவினோ பலகை, ஒரு சுருள் வயர் எல்லாம் பைக்குள் போன பிறகு, கடைசியாக ஒரு மல்டிமீட்டர் கேட்பார்கள்.

எது நல்லது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "உங்களுக்கு இது போதும்" என்று 20 ரிங்கிட்டை ஒட்டிய மஞ்சள் நிற மீட்டர் ஒன்று மேசைக்கு வரும். இல்லாவிட்டால், "வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், நல்லதாக வாங்குங்கள்" என்று வெப்பநிலை, அதிர்வெண், மின்தேக்கி எல்லாம் அளக்கிற, பல நூறு ரிங்கிட் விலையுள்ள கருவி வரும். இரண்டு பதில்களும் மீட்டர் எதையெல்லாம் அளக்கும் என்பதைப் பற்றியே பேசுகின்றன. கைதவறித் தப்பாகப் பயன்படுத்தினால் அந்த மீட்டர் என்ன செய்யும் என்று யாரும் சொல்வதில்லை. மாணவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

மஞ்சள் மீட்டரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. டிடி-830 என்ற பெயரில் பல நிறுவனங்கள் செய்து விற்கும் அந்தச் சிறு கருவி, விலைக்குப் பார்த்தால் வியப்பான பொருள். தீபாவளிக்கு வாசலில் ஐந்து மீட்டர் எல்.இ.டி. பட்டை கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் பட்டை என்றால் மொத்தம் 24 வாட். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர். பட்டையின் கடைசிப் பகுதி மங்கலாக எரிகிறது. தொடக்கத்தில் அளந்தால் 12.00 வோல்ட், கடைசியில் அளந்தால் 10.50 வோல்ட். பட்டையின் மெல்லிய செம்புத் தடம் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிட்டது. மறுமுனையிலிருந்தும் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். இதற்கு மஞ்சள் மீட்டர் தாராளமாகப் போதும். அதன் கையேட்டில் துல்லியம் ±0.5% மற்றும் 2 இலக்கங்கள் என்று இருக்கும். 12.00 வோல்ட்டுக்கு அது 0.06 உடன் 0.02 சேர்ந்து 0.08 வோல்ட் பிழை. ஒன்றரை வோல்ட்டைத் தேடுகிறவருக்கு 0.08 ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? மீட்டர் உங்கள் மேசையோடு நின்றுவிடாது. வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் அது எல்லாருக்கும் பொது. மின்விசிறி ஓடவில்லை என்றால் அப்பா அந்த இழுப்பறையைத்தான் திறப்பார். பக்கத்து வீட்டு அங்கிள் இரவல் கேட்பார். ஈராண்டு கழித்துத் தம்பி எடுப்பான். 12 வோல்ட்டுக்காக வாங்கிய கருவியின் முனைகள் ஏதோ ஒரு நாள் சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக் பாயிண்டுக்குள் போகும். எந்தத் திட்டத்துக்காக வாங்குகிறோம் என்பதைவிட, வீட்டிலுள்ளவர்கள் அதை எங்கெல்லாம் நுழைப்பார்கள் என்று யோசித்து வாங்க வேண்டும் என்கிறேன்.

மீட்டரின் முகப்பைப் பாருங்கள். கம்பிகளைச் செருக மூன்று துளைகள் இருக்கும். நடுவிலோ கீழேயோ பொதுத் துளை. ஒன்று வோல்ட், ஓம், மில்லி ஆம்பியருக்கு. மூன்றாவது 10 ஆம்பியருக்கு. மின்னழுத்தத்தை அளக்கும்போது மீட்டர் மின்சுற்றுக்கு இணையாக நிற்கிறது. அதன் உள்தடை மிக அதிகம், அதனால் அதன் வழியே மின்சாரம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. மின்னோட்டத்தை அளக்கும்போது மீட்டர் மின்சுற்றுக்குள் தொடராக நுழைகிறது. அதன் உள்தடை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மஞ்சள் மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பின்னால் இருப்பது கனமான ஒரு சிறு கம்பித்துண்டு. அதன் தடை ஒரு ஓமில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். திருகுவட்டை நீங்கள் வோல்ட்டில் வைத்திருந்தாலும், சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்வரை இரண்டு முனைகளுக்கும் நடுவே இருப்பது அந்தக் கம்பித்துண்டு மட்டுமே.

இப்போது நடப்பதைக் கணக்கிடுங்கள். ஒருவர் மோட்டாரின் மின்னோட்டத்தை அளந்துவிட்டுக் கம்பியை அந்தத் துளையிலேயே விட்டுவிடுகிறார். அடுத்து வருபவர் பிளக் பாயிண்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க முனைகளைச் செருகுகிறார். வீட்டு வயர்கள் உட்பட மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி 230 ஐ 0.5 ஆல் வகுத்தால் 460 ஆம்பியர். வீட்டின் தானியங்கிச் சுவிட்ச் விழுவதற்கு முன் அந்த மின்னோட்டம் முழுவதும் உங்கள் உள்ளங்கையில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஓடும். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளையின் பக்கத்திலேயே, சிறிய ஆங்கில எழுத்தில், ஃபியூஸ் இல்லை என்று அச்சிட்டிருப்பார்கள். உண்மையை மறைக்கவில்லை, சரி. ஆனால் படிக்கிறவர் எத்தனை பேர்?

12 வோல்ட் மட்டும்தானே, எங்களுக்கு இந்தப் பயம் எதற்கு என்று கேட்கலாம். மோட்டார்சைக்கிள் மின்கலமும் டிரோனின் லித்தியம் மின்கலமும் 12 வோல்ட்டை ஒட்டியவைதான். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் இரண்டுமே பல பத்து ஆம்பியரைக் கொட்டக்கூடியவை. உடலில் அதிர்ச்சி ஏறாது. ஆனால் கம்பியின் உறை கையிலேயே உருகும்.

ஃபியூஸ் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஃபியூஸ் என்பதும் முக்கியம். கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி தெரியும் ஃபியூஸை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிறு மின்னோட்டத்துக்கு அது சரி. நூற்றுக்கணக்கான ஆம்பியர் வந்தால் கம்பி உருகி ஆவியாகிவிடும். ஆனாலும் அந்த ஆவியின் வழியே மின்வில் தொடர்ந்து எரியலாம், கண்ணாடி வெடிக்கலாம். நல்ல மீட்டர்களில் வெண்ணிறப் பீங்கான் உறையுள்ள ஃபியூஸ் இருக்கும். அதற்குள் மணல் அடைத்திருப்பார்கள். மின்வில் தோன்றியதும் மணல் அந்த வெப்பத்தை உறிஞ்சி, உருகிக் கண்ணாடியாகி, வில்லை அணைத்துவிடும். கடற்கரையில் காலில் ஒட்டும் மணலுக்கு இப்படி ஒரு வேலையும் உண்டு.

அடுத்தது மீட்டரின் முகப்பில் "கேட்" என்ற ஆங்கில எழுத்துகளோடு ரோமன் எண்ணில் இருக்கும் குறி. ஐ.இ.சி. 61010 என்ற அனைத்துலகப் பாதுகாப்புத் தரம் வகுத்த அளவீட்டு வகை அது. பிளக்கில் செருகும் சாதனங்களை அளக்க கேட் 2. சுவருக்குள் ஓடும் வயரிங், மெயின் சுவிட்ச் பெட்டி ஆகியவற்றுக்கு கேட் 3. வீட்டுக்கு மின்சாரம் நுழையும் இடத்துக்கும் வெளிக்கம்பிகளுக்கும் கேட் 4. பக்கத்தில் 300, 600, 1000 என்று வோல்ட்டும் இருக்கும். பெரிய வோல்ட் எண் உள்ளதே உறுதியானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேட் 2 1000 வோல்ட் மீட்டரையும் கேட் 3 600 வோல்ட் மீட்டரையும் ஒரே 6000 வோல்ட் திடீர் அதிர்வால்தான் சோதிக்கிறார்கள். ஆனால் முதல் சோதனையில் அந்த அதிர்வு 12 ஓம் தடை வழியே வருகிறது; இரண்டாவதில் 2 ஓம் வழியே வருகிறது. 6000 ஐ 12 ஆல் வகுத்தால் 500 ஆம்பியர். 2 ஆல் வகுத்தால் 3000 ஆம்பியர். சின்ன எண் உள்ள மீட்டர் ஆறு மடங்கு கடுமையான தேர்வில் தேறியிருக்கிறது.

வீட்டில் 6000 வோல்ட் எப்படி வரும்? அருகில் மின்னல் இறங்கினால் வரும். பெரிய மோட்டார்கள் நின்று ஓடும்போதும் சிறு அதிர்வுகள் வரும். உலகில் இடிமின்னல் மிக அதிகமாக நிகழும் வட்டாரங்களில் ஒன்றில் நாம் வாழ்கிறோம் என்பதை நினைவில் வையுங்கள். மாலை நான்கு மணி மழையில் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து அளப்பது எந்த மீட்டருக்கும் நல்லதல்ல.

இன்னொரு தொல்லை, யார் வேண்டுமானாலும் இந்தக் குறியை அச்சிட முடியும் என்பது. ஃபியூஸே இல்லாத மீட்டரின் மீது கேட் 3 என்று எழுதி விற்கிறார்கள். யூ.எல்., டி.யூ.வி., சி.எஸ்.ஏ. போன்ற தனிச் சோதனை அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையையும் போலியாக அச்சிடலாம்தான். அதனால் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பீங்கான் ஃபியூஸ் இரண்டு தெரிந்தால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

மாணவர்கள் சுவர் மின்சாரத்தைத் தொடவே கூடாது, பிறகு எதற்கு கேட் 3 மீட்டர் என்று ஆசிரியர் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. தொடக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. மலேசியாவில் வீட்டு வயரிங் வேலை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் செய்ய வேண்டியது; சிங்கப்பூரிலும் உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் கட்டுப்பாட்டோடு இருப்பதால் இழுப்பறையில் கிடக்கும் மீட்டரும் கட்டுப்பாட்டோடு இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே என் பரிந்துரை இது. வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் கேட் 3 600 வோல்ட், எல்லாத் துளைகளுக்கும் பீங்கான் ஃபியூஸ், தொடர்ச்சியைச் சோதிக்கும்போது உடனே ஒலிக்கும் மணி. இவை உள்ள மீட்டர்கள் ஏறக்குறைய 100 முதல் 200 ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. அது சிறு தொகையல்ல என்பது தெரியும். முடியாவிட்டால் மஞ்சள் மீட்டரையே வாங்குங்கள். வாங்கிய அன்றே 10 ஆம்பியர் துளையைச் சிவப்பு டேப்பால் மூடி, முதுகில் "12 வோல்ட் மட்டும்" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். பள்ளிக் கழகங்களுக்கும் இதைச் சொல்வேன்: மின்கல வேலைகளுக்கு மஞ்சள் மீட்டர்கள் பத்து இருக்கட்டும், தரமான ஒன்று ஆசிரியரின் அலமாரியில் இருக்கட்டும்.

காசை எதில் மிச்சப்படுத்தலாம்? கூடுதல் இலக்கங்களில். 1999 வரை காட்டும் மீட்டருக்கும் 6000 வரை காட்டும் மீட்டருக்கும் உள்ள வேறுபாட்டை எல்.இ.டி. பட்டை கண்டுகொள்ளாது. வெப்பநிலை அளவும் வேண்டாம். தானாக வீச்சைத் தேர்ந்தெடுக்கும் வசதி சௌகரியமானது. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்குத் திருகுவட்டைத் தானே திருப்பும் மீட்டர் நல்லது என்பேன். எத்தனை வோல்ட் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட அது பழக்கும்.

துல்லியத்தைப் பற்றிக் கவலைப்படும் மாணவர்கள் இலக்கங்களைவிட உள்தடையைக் கவனிக்கலாம். வீட்டில் செய்து பாருங்கள். 1 மெகா ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்து 9 வோல்ட் மின்கலத்தில் பொருத்துங்கள். நடுவில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். மஞ்சள் மீட்டரின் உள்தடை 1 மெகா ஓம். அதை இணைத்ததும் கீழேயுள்ள மின்தடையோடு சேர்ந்து அரை மெகா ஓமாகிவிடும். மீட்டர் 3 வோல்ட் காட்டும். 10 மெகா ஓம் உள்ள மீட்டர் ஏறக்குறைய 4.3 காட்டும். இரண்டு மீட்டர்களும் பழுதில்லை. அளக்கப்போன கருவியே மின்சுற்றை மாற்றிவிட்டது. உணர்விகளோடு வேலை செய்யும்போது இதை மறந்தால், இல்லாத பழுதைத் தேடி ஒரு முழு மாலை போய்விடும்.

எந்த மீட்டரானாலும், ஒன்றில் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்டும் முன் மூன்று முறை அளக்க வேண்டும். முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில். பிறகு சந்தேகமுள்ள இடத்தில். மறுபடியும் முதல் இடத்தில். சுழி என்று திரை காட்டுவதற்கு மின்சாரம் இல்லாதது காரணமாக இருக்கலாம், கம்பி உள்ளே அறுந்ததும் காரணமாக இருக்கலாம். மலிவு மீட்டர்களோடு வரும் கம்பிகள்தான் முதலில் போகும். கைப்பிடிக்கு அருகில் மடக்கிப் பாருங்கள்; உறை வெடித்திருந்தால் நல்ல கம்பி ஒரு ஜோடி தனியாக வாங்கிவிடுங்கள். மின்கலம் சோர்ந்தால் சில மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

கடையை விட்டுக் கிளம்புமுன் அதே அளவு, அதே வகை ஃபியூஸ் இரண்டு வாங்குங்கள். மாணவர்கள் கையில் முதலில் எரிவது மில்லி ஆம்பியர் ஃபியூஸ்தான். எரிந்த இரவில் மாற்று இல்லாமல் அலுமினியத் தாளைச் சுற்றிச் செருகினால் மீட்டர் வேலை செய்யும். ஆனால் கொடுத்த 150 ரிங்கிட்டும் 20 ரிங்கிட் மீட்டராகிவிடும். ஃபியூஸ் கையிருப்பு இல்லாத கடை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.