மண்வள அட்டையில் இல்லாத ஒரு வரி

மண்வள அட்டை 12 விவரங்களைச் சொல்கிறது. கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள். 2015-ல் திட்டம் வந்த பிறகு உரத்தை அளவறிந்து போட அது உதவுகிறது. ஆனால் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஆலைகளும் வயல்களும் அடுத்தடுத்து இருக்கும் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு அந்த வரி அவசியம்.

பாக்டீரியா தன் மரபணுவைத் தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் கொடுக்கும். பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாக இது நடக்கிறது. இதில் நன்மையும் உண்டு. நியூசிலாந்தில் ஒரு தீவனப் பயறுச் செடிக்கு ஒரே வகை ரைசோபியம் இட்டார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த மண்ணிலேயே இருந்த வேறு பாக்டீரியாக்களும் வேர்முடிச்சு உண்டாக்கும் மரபணுக்களைப் பெற்றிருந்தன. 1995-ல் இந்த ஆய்வு வெளியானது.

மருந்துக்குக் கட்டுப்படாத குணமும் இப்படித்தான் கைமாறுகிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்து ஆலை இல்லாத ஊரிலும் ஆபத்து உண்டு. செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்களைத் தாங்கும் மரபணுவும் மருந்தைத் தாங்கும் மரபணுவும் பல நேரம் ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கும். உலோகம் சேர்ந்த மண்ணில், மருந்தே படாவிட்டாலும் அந்தப் பாக்டீரியா பெருகலாம்.

இந்தக் கைமாற்றத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இறால் குஞ்சுப் பொரிப்பகம் நடத்துவோர் ஒளிரும் பாக்டீரியா நோயை அறிவார்கள்; நோய் கண்ட குஞ்சு இருட்டில் மின்னும். விப்ரியோ இனப் பாக்டீரியாவின் வேலை அது. இப்படி ஒளி தரும் மரபணுவை ஆய்வாளர்கள் பிளாஸ்மிட்டில் சேர்க்கிறார்கள். அதைக் கொடுக்கும் பாக்டீரியாவில் ஒளி வராதபடி ஒரு பூட்டும் வைக்கலாம். வாங்கிக்கொள்ளும் பாக்டீரியாவில் அந்தப் பூட்டு இல்லை. அதனால் அது ஒளிரும். ஒளிரும் இடமெல்லாம் மரபணு கைமாறிய இடம். மண் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர மறுப்பவை. வளர்க்காமலே எண்ண முடிவதுதான் இந்த முறையின் பலம்.

ஒளிரும் பாக்டீரியாவை வயலில் விடலாமா என்றால், கூடாது. மரபணு மாற்றிய நுண்ணுயிரை வெளியே விட 1989-ம் ஆண்டு விதிகளின்படி அரசு அனுமதி வேண்டும். நமக்கு அது தேவையும் இல்லை. நம் வயல் மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே பார்த்தால் போதும்.

உழவருக்கு இதில் என்ன பலன்? ஈரமும் சத்தும் மிகுந்த வேர்ப்பகுதியில் கைமாற்றம் அதிகம் என்பது தெரிந்ததே. கோழி எருவை எத்தனை நாள் மட்கவைத்தால் அது குறையும், வாய்க்கால் நீர் பாயும் வயலில் எவ்வளவு கூடும் என்பதை நம் மண்ணில் பார்த்தால்தான் சரியான பரிந்துரை தர முடியும். திரூர் வேளாண் அறிவியல் நிலையம் மண் மாதிரி எடுத்துத் தரலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறை ஆய்வு செய்யலாம். செலவை ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கேட்பதில் தவறில்லை.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். பச்சைக் கோழி எருவை நேரடியாக வயலில் கொட்ட வேண்டாம். குவித்து, சூடேறி ஆறிய பின் இடுங்கள். நெல்லில் இலைக்கருகல் தெரிந்தவுடன் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைத் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். பயிர்களில் இவற்றைத் தடைசெய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணையே வெளியிட்டது. தழைச்சத்தைக் குறைத்துப் பிரித்து இடுவதும், எதிர்ப்புத் திறனுள்ள ரகமும் முதல் காப்பு. ஆலைக் கழிவு கலந்ததாகச் சந்தேகம் உள்ள நீரைப் பாய்ச்சும் முன் பரிசோதியுங்கள்.

அடுத்த கிராமசபையில் மண் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தால், சத்து எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், மண்ணின் உயிர் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.