ஆரணிப் பட்டின் பெயரை இயந்திரம் அறியுமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணியும், அதைச் சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற ஊர்களும் பல தலைமுறைகளாகக் கைத்தறிப் பட்டு நெசவை வாழ்வாதாரமாகக் கொண்டவை. புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களின் வரிசையில் ஆரணிப் பட்டு தனிப்பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. ஆயினும், ஆரணித் தறிகளிலிருந்து இறங்கும் சேலைகளில் ஒரு பகுதி வெளியூர்க் கடைகளுக்குச் சென்று, நெய்த ஊரின் பெயர் இல்லாமலேயே விற்பனையாவது இத்தொழிலின் நெடுநாள் குறையாக இருந்துவருகிறது. இந்தப் பழைய சிக்கல், இணையத் தேடலைச் செயற்கை நுண்ணறிவு கைக்கொள்ளத் தொடங்கிய கடந்த சில ஆண்டுகளில் புதிய கட்டத்தை அடைந்திருக்கிறது. முன்பு கடைக்காரர் மறைத்த பெயரை இனி இயந்திரமும் சொல்லாமல் விட்டுவிடக்கூடும் என்பதே அந்தக் கட்டம்.

பட்டியலிலிருந்து விடைக்கு

ஒருவர் தேடும் சொற்களுக்குரிய முடிவுகளில் தமது இணையதளம் மேலே தோன்றும்படி அதன் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் சீர்செய்யும் பணியே தேடுபொறி உகப்பாக்கம் எனப்படுகிறது. வணிகர்கள் இதைச் சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்பர். 1998இல் கூகுள் தொடங்கப்பட்டபோது, ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, அவ்வாறு கொடுப்பவை எவ்வளவு மதிப்புடையவை என்பதைக் கொண்டு அப்பக்கத்தின் தரத்தைக் கணிக்கும் முறையே அதன் அடித்தளமாக இருந்தது. இதைப் புரிந்துகொண்டவர்கள் ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் நிரப்புவது, காசு கொடுத்து இணைப்புகளைப் பெறுவது போன்ற உத்திகளில் இறங்கினர். 2011இல் வந்த பாண்டா, 2012இல் வந்த பென்குவின் ஆகிய மாற்றங்கள் இவற்றைப் பெருமளவு முடக்கின. 2015இல் ராங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட் ஆகிய நுட்பங்கள் சேர்ந்த பிறகு, சொல்லுக்குச் சொல் பொருத்திப் பார்ப்பதைக் கடந்து கேள்வியின் பொருளையே அறிய முயலும் நிலைக்குத் தேடுபொறி நகர்ந்தது. ஆகவே, செயற்கை நுண்ணறிவு தேடலுக்குள் ஒரே நாளில் நுழைந்துவிடவில்லை.

ஆனால், 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு நிகழ்ந்த மாற்றம் தன்மையிலேயே வேறானது. கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் ‘ஏஐ ஓவர்வியூ’ என்னும் தொகுப்பு விடையைத் தேடல் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்தியாவுக்கு வந்தது. தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் விரிவுபடுத்தப்படும் என்ற அறிவிப்பு அக்டோபரில் வெளியானது. இம்முறையில் இயந்திரம் ஒரு கேள்வியைப் பல துணைக் கேள்விகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பத்திகளைப் பல தளங்களிலிருந்து திரட்டி, அவற்றைத் தன் மொழி மாதிரியின் உதவியால் ஒரே விடையாகத் தொகுத்துத் தருகிறது. மொழி மாதிரி என்பது பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, அடுத்து வரவேண்டிய சொற்களைக் கணித்து எழுதும் மென்பொருளாகும்.

இதன் விளைவை ‘பியூ’ ஆய்வு மையம் 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்துகிறது. அமெரிக்காவில் 900 பேர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேற்கொண்ட தேடல்களை ஆராய்ந்தபோது, தொகுப்பு விடை தோன்றாத இடங்களில் 15% அளவுக்கு ஏதேனும் ஒரு முடிவின் இணைப்பு அழுத்தப்பட்டிருக்க, தொகுப்பு விடை தோன்றிய இடங்களில் அது 8% ஆகக் குறைந்திருந்தது. தொகுப்புக்குள்ளேயே தரப்பட்ட மேற்கோள் இணைப்புகள் அழுத்தப்பட்டதோ 1% அளவுக்கு மட்டுமே. செய்தி நிறுவனங்களுக்கு இது வருவாய் இழப்பு. சேலை நெய்யும் ஊருக்கு இதன் பொருள் சற்று வேறு: சேலையை எப்படியும் யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், எத்தனை பேர் தளத்துக்கு வந்தனர் என்பதைவிட, விடைக்குள் எந்த ஊரின் பெயர், எந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இடம்பெற்றது என்பதே வணிகத்தைத் தீர்மானிக்கும். பட்டியலில் பத்தாம் இடத்தில் இருந்த தளத்தையும் முன்பு சிலராவது கண்டனர். தொகுப்பு விடையில் இரண்டு மூன்று பெயர்களுக்கு மேல் இடம் கிடைப்பது அரிது.

பெயரில் உள்ள குழப்பம்

ஆரணிக்கு இந்தப் போட்டியில் முதல் தடை அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வூரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றங்கரையில் இதே பெயரில் வேறோர் ஊர் உண்டு. மராட்டிய மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் ஆர்ணி என்றொரு ஊரும் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே ஆரணி என்றதும் பட்டோடு அரிசியையும் நினைப்பவர்கள் பலர். மனிதர் சூழலைக் கொண்டு தெளிந்துகொள்ளும் இவ்வேறுபாடுகளை இயந்திரம் எழுத்துச் சான்றுகளைக் கொண்டே பிரித்தறிய வேண்டியிருக்கிறது. சான்றுகள் சிதறிக் கிடக்கும்போது, அது உறுதியாகச் சொல்லத்தக்க வேறொரு பெயரை நோக்கிச் சாய்கிறது.

இக்குழப்பத்துக்குத் தொழில்நுட்பத் தீர்வு இருக்கிறது. அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகியவை இணைந்து உருவாக்கிய ஸ்கீமா என்னும் பொதுக் குறியீட்டு முறையைக் கொண்டு, ஒரு பக்கத்தில் உள்ளது பொருளா, நிறுவனமா, இடமா என்பதையும், அது எந்த மாவட்டத்தைச் சேர்ந்தது, வேறு எந்தப் பெயர்களால் வழங்கப்படுகிறது என்பதையும் இயந்திரம் படிக்கும் வடிவில் எழுதிவைக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் பெயர், முகவரி, வேலை நேரம் ஆகியவை கூகுள் வணிகக் குறிப்பிலும், சொந்தத் தளத்திலும், அரசுத் துறைப் பட்டியலிலும் எழுத்து மாறாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும். விக்கிப்பீடியாவிலும், 2012இல் தொடங்கப்பட்ட அதன் தரவுத் திட்டமான விக்கித்தரவிலும் ஆரணிப் பட்டுக்கான குறிப்புகள் நம்பகமான ஆதாரங்களோடு செம்மைப்படுத்தப்பட வேண்டும். மொழி மாதிரிகள் பயிலும் எழுத்துகளில் விக்கிப்பீடியா முதன்மையான ஒன்று.

பெரும்பான்மையின் குரல்

இரண்டாவது தடை ஆழமானது. மொழி மாதிரி எதை மிகுதியாகப் படித்ததோ அதையே எளிதில் எழுதும். காஞ்சிபுரம் பட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். ஆரணியைப் பற்றியவை மிகக் குறைவு. மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படும் திறந்த இணையத் தொகுப்புகளில் தமிழின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பதால், நெசவாளர் தம் மொழியில் சொல்லிவைத்த செய்திகளும் அங்கே எட்டுவதில்லை. ஆரணிப் பட்டைப் பற்றி எஞ்சியிருப்பவற்றுள்ளும் பல, விற்பனைத் தளங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்ட, ‘பாரம்பரியம்’, ‘நேர்த்தி’ என்ற சொற்களுக்கு மேல் எதையும் தெரிவிக்காத வரிகளே.

இந்த வெற்றிடத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டே நூற்றுக்கணக்கான கட்டுரைகளை உற்பத்தி செய்து நிரப்பிவிடலாம் என்று வணிக ஆலோசகர்கள் சிலர் கூறுகின்றனர். இது பயன் தராது. தேடல் தரவரிசையைக் கையாளும் நோக்கில் பெருந்தொகையாக உருவாக்கப்படும் பயனற்ற பக்கங்களை, அவற்றை எழுதியது மனிதரா இயந்திரமா என்று பாராமல், விதிமீறலாகக் கொள்வதாக 2024 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. 2022 டிசம்பரில் அது தன் தர மதிப்பீட்டாளர்களுக்கான நெறிமுறைகளில் நிபுணத்துவம், அதிகாரபூர்வத் தன்மை, நம்பகம் ஆகியவற்றோடு நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், டெல்லி ஐஐடி ஆகியவற்றைச் சேர்ந்தோர் உள்ளிட்ட குழு 2024இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது: தொகுப்பு விடைகளில் ஒரு பக்கம் பெறும் இடத்தை, ஆதாரங்களைக் குறிப்பிடுதல், உரியோரின் கூற்றைச் சேர்த்தல், எண்ணியல் விவரங்களைத் தருதல் ஆகியவை 40% வரை உயர்த்தின, சொற்களை நிரப்பும் பழைய உத்தி கைகொடுக்கவில்லை. தரவரிசையில் கீழே இருந்த பக்கங்களுக்கே ஆதாரம் காட்டுவதால் கூடுதல் பயன் கிடைத்தது என்ற அதன் முடிவு, சிறிய ஊர்களுக்கு நம்பிக்கை அளிப்பது.

ஆகவே, ஆரணி மட்டுமே சொல்லத்தக்கவை எவை என்பதே உத்தியின் மையக் கேள்வி. பாவு எத்தனை இழை, ஊடையில் எத்தனை புரி, ஜரிகையில் வெள்ளியும் செம்பும் பொன்னும் எந்த விகிதத்தில் உள்ளன, ஜக்கார்டு அட்டை எவ்வாறு கோக்கப்படுகிறது, ஒரு சேலை தறியில் எத்தனை நாள் இருக்கிறது, அதற்கான கூலி எவ்வளவு ஆகியவை நெசவாளருக்கு அன்றாடச் செய்திகள். இணையத்தில் காணக் கிடைக்காதவை. உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் மூன்று நாடாக்களைக் கொண்டு இணைக்கும் கோர்வை முறைக்கு வழக்கமாக இரண்டு பேரின் உழைப்பு தேவைப்படுகிறது என்பதை விளக்கினால், அத்தகைய சேலை ஏன் விலை கூடுகிறது என்ற கேள்விக்கு இயந்திரம் எடுத்துக்காட்டத்தக்க விடை கிடைத்துவிடும். இத்தகைய ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்பாக அமைந்து, அதற்கான விடை முதல் இரண்டு வரிகளிலேயே நிறைவுபெற்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டும். பத்தி பத்தியாக எடுத்தாளும் இயந்திரத்துக்கு அதுவே உகந்த வடிவம்.

சான்றே உத்தி

இயந்திரம் உருவாக்கும் படங்களில் நெய்யப்படாத சேலையும் தத்ரூபமாகத் தோன்றும் இக்காலத்தில், அசல் என்பதற்கான சான்று முன்னெப்போதையும்விட முக்கியமாகிறது. குறிப்பிட்ட வகைச் சேலைகள் உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தும், விசைத்தறிச் சேலைகள் கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது தொடர்கிறது. வாங்குபவருக்கு இங்கே மூன்று குறிகள் துணைநிற்கின்றன. 2004இல் அறிமுகமான பட்டுக் குறி, நூல் தூய பட்டுதான் என்பதை மட்டும் சொல்கிறது; 2006இல் வந்த கைத்தறிக் குறி, அது கையால் நெய்யப்பட்டது என்கிறது; புவிசார் குறியீடு, எந்த நிலப்பகுதியில் உருவானது என்பதை உரைக்கிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதைப் பெரும்பாலான விற்பனைப் பக்கங்கள் விளக்குவதில்லை. மூன்றையும் தனித்தனியே காட்டி, ஒவ்வொரு சேலையின் கியூஆர் குறியீட்டிலிருந்தும் அதை நெய்த சங்கத்தின் பக்கத்துக்குச் செல்ல வழிசெய்தால், அச்சான்று வாங்குபவருக்கும் பயன்படும். விடை தேடும் இயந்திரத்துக்கும் ஆதாரமாகும். புவிசார் குறியீட்டுச் சட்டம் பதிவுபெற்ற பயன்பாட்டாளர் என்றொரு தகுதியை வழங்குகிறது; அத்தகுதி பெற்ற ஆரணியினரின் பட்டியல் எளிதில் தேடிக் காணும் வடிவில் இணையத்தில் இருப்பது இதன் அடுத்த படியாகும்.

நெசவு அறிவை இவ்வாறு பொதுவெளியில் வைப்பது, பெருநிறுவனங்களுக்கு இலவசத் தீனியாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. எந்த இயந்திரம் தம் தளத்தைப் படிக்கலாம், எது கூடாது என்பதை ‘ரோபாட்ஸ்’ கோப்பின் மூலம் தள உரிமையாளர் தெரிவிக்கலாம். ஆனால் அதை மதித்து நடப்பது படிப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. எனவே, வெளியிடுவதில் ஒரு பகுப்பு தேவை. புதிய வடிவமைப்புகளை முதலில் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்துவிட்டுப் பின்னரே வெளியிட வேண்டும். ஊரின் அடையாளம், நெசவு முறை, தரம் அறியும் வழி ஆகியவற்றை மறைப்பதால் ஆரணிக்கு எந்த நன்மையும் இல்லை. ஏற்கெனவே பெயர் தெரியாமல் இருப்பவருக்கு மௌனம் பாதுகாப்பாகாது.

யார் செய்வது?

நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்திருக்கும் கூலி நெசவாளரிடம் இந்தப் பணியைச் சுமத்த முடியாது. தனி வணிகரிடம் விட்டால், தேடலில் கிடைக்கும் பயன் அவரோடு நின்றுவிடும், கூலி உயராது. கூட்டுறவுச் சங்கங்களே தளத்துக்கும் தரவுக்கும் உரிமையாளராக இருக்கும்போதுதான், இயந்திரம் சொல்லும் பெயருக்கும் தறியில் உழைப்பவரின் வருமானத்துக்கும் தொடர்பு உண்டாகும். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு விற்பனை அனுபவம் இருக்கிறது. கைத்தறித் துறையிடம் சங்கங்களின் விவரங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்திடம் தமிழ் மின்னுள்ளடக்கத்தை உருவாக்கிப் பாதுகாக்கும் திறன் இருக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால், ஆரணிக்கு மட்டுமன்றித் திருபுவனம், சேலம் போன்ற பட்டு ஊர்களுக்கும் பொருந்தும் ஒரு பொதுத் தரவகத்தை இரு மொழிகளில் அமைக்க முடியும். நெசவாளர் குடும்பங்களில் கல்லூரி முடித்த இளைஞர்களுக்கு இதில் பயிற்சியும் ஊதியமும் அளித்தால், தொழிலறிவும் எழுத்தறிவும் ஒரே இடத்தில் சேரும்.

ஒரே கேள்விக்கு இன்று ஒரு விடையும் அடுத்த மாதம் வேறொரு விடையும் தரும் இயல்புடையவை இந்த இயந்திரங்கள். வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளைச் சங்கங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் தாமே கேட்டுப் பார்த்து, பிழையான விடைகளின் மூலத்தைக் கண்டறிந்து திருத்துவதும் இனிச் சந்தைப்படுத்தலின் ஒரு பகுதியாக வேண்டும். தேடுபொறியை ஏமாற்றி மேலே வரும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. உண்மையை முறையாக எழுதிவைத்தவர்களுக்கே இனி இடம். அந்த உண்மை ஆரணியிடம் இருக்கிறது. அதை ஆரணியின் பெயரிலேயே பதிவுசெய்யும் பணியை அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் காலம் தாழ்த்தாமல் தொடங்க வேண்டும்.