கிரேனும் தொழிலாளியின் உயிரும்

2020 ஆகஸ்டு 1-ந் தேதி விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், 70 டன் கிரேனைப் பளு ஏற்றிச் சோதிக்கும்போதே அது சாய்ந்தது. 11 பேர் மாண்டனர். படாளம் சர்க்கரை ஆலைத் தோழர்களுக்கும் கரும்பு வெட்டும் தோழர்களுக்கும் இதை நினைவூட்டுகிறோம்.

சுழலும் கிரேனின் கை நீள நீள, அது தாங்கும் பளு குறைகிறது. கிட்டத்தில் தூக்கியதை எட்டத்தில் தூக்கினால் வண்டியே கவிழும். ஏற்றம் இறைத்தவருக்குத் தெரிந்த கணக்குதான்! கை ஒருபுறம் திரும்ப, பின்பாரம் மறுபுறம் நிற்பவரை நசுக்கும். சைகை காட்டுபவர் ஒருவரே இருக்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 29-ஆம் பிரிவில் விதித்தது. ஏட்டில் இருந்தால் போதுமா? இரண்டு நாள் வேடிக்கை பார்த்த பையனை லீவர் முன் உட்கார வைப்பதா பயிற்சி? சம்பளத்தோடு முறையான பயிற்சி கொடு என்கிறோம். பளு அதிகமென்று மறுக்கும் ஓட்டுநரின் கூலியில் கை வைக்காதே என்கிறோம்.