பின்புறத்துப் பூட்டு

சென்ற மாதம் விடைத்தாள் திருத்தும் காரியமாகத் தஞ்சைப் பக்கத்தில் ஒரு சர்வகலாசாலைக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். மூன்றாவது மாடியில் வேலை. பகல் பதினொரு மணி சுமாருக்கு மணி கணகணவென்று அடித்தது. சிற்றுண்டிக்குத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணிக் காகிதங்களை ஒதுக்கி வைத்தோம். "பூகம்ப ஒத்திகை! எல்லோரும் முறைப்படி வெளியேறவும்!" என்று ஒலிபெருக்கி முழங்கிற்று.

அந்த முறை இன்னதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் அறுபது உபாத்தியாயர்கள். அவர்கள் பெற்ற பட்டங்களோ நூற்றுக்கு மேல்! சிலர் லிப்டை நோக்கி ஓடினார்கள். ஒரு நண்பர் குடையை எடுக்கத் திரும்பிப் போனார். நாம் கூட்டத்தோடு கூட்டமாய்ப் பின்புற மாடிப்படியில் இறங்கினோம். கீழே இரும்புக் கதவு. அதில் பெரிய பூட்டு! சாவி வைத்திருந்த சிப்பந்தி காப்பி சாப்பிடப் போயிருந்தார். "பூட்டியிருக்கிறது!" என்று முன்னால் நின்றவர் கூவினார். அது பின்னால் வந்தவர்கள் காதில் விழவில்லை. அவர்கள் நெருக்கிக்கொண்டே இறங்கினார்கள்.

ஒத்திகைதானே? எல்லோரும் சிரித்தோம். "நம் சோழ நாட்டில் பூகம்பமாவது, ஸார்!" என்றார் ஒருவர்.

அவர் சொன்னது முழுவதும் தப்பல்ல. பூகம்ப அபாயம் குறைந்த பிரதேசம் என்றே இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயினும் 2001-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி புதுச்சேரிக்கு எதிரே கடலடியில் உண்டான அதிர்ச்சி சென்னை வரையில் வீடுகளை ஆட்டியது. அதே வருஷம் ஜனவரி 26-ந் தேதி கட்ச் பிரதேசத்தில் பூமி நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஆமதாபாத்திலும் மாடிக் கட்டடங்கள் சரிந்தன. அந்த நகரம் சபர்மதி நதியின் வண்டல்மீது அமைந்தது. பாறையைவிட மெத்தென்ற வண்டல் மண் அதிகமாக அதிரும். காவேரி நமக்குக் கொடுத்திருப்பதும் வண்டல்தானே?

பூகம்பம் வராமலே போகட்டும். வழி அடைபட்டால் மனிதர் மடிவதற்குப் பூகம்பம் எதற்கு? 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றிக்கொண்டது. குழந்தைகள் இறங்குவதற்குக் குறுகலான மாடிப்படிதான் இருந்தது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு 2009-ல், பள்ளிக்கூடங்களில் தீயணைக்கும் சாதனங்கள் இருக்கவேண்டும், உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று கோர்ட்டார் வந்து பார்க்க முடியுமா?

இரண்டு ஆபத்துக்கும் ஒரே முறை உதவாது. தீ என்றால் அந்த க்ஷணமே வெளியேற வேண்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தாழ்ந்து தவழவேண்டும். பூமி அதிரும்போதோ, மாடியிலிருப்பவர்கள் ஓடலாகாது. உறுதியான மேஜைக்கடியில் புகுந்து, தலையைக் காத்து, அதன் காலைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதிர்ச்சி நின்றபின் மாடிப்படி வழியாக இறங்கவேண்டும். லிப்ட் கூடவே கூடாது. இறங்கியபின் சந்தில் நிற்காமல் வெட்டவெளிக்குப் போகவேண்டும். கட்ச் பூகம்பத்தன்று அஞ்சார் நகரில், குடியரசு தின ஊர்வலமாகக் குறுகிய தெருவில் நடந்த மாணவர்கள்மீது இருபுறத்துக் கட்டடங்களும் இடிந்து விழுந்தன. பலர் மாண்டார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் நமது பள்ளிக்கூடத்தின் பின்வாசலைப் போய்ப் பார்த்தோம். அங்கும் பூட்டு! மூன்று வருஷத்துத் துரு. காவற்காரரை அழைத்து, "யாரப்பா இதைப் பூட்டச் சொன்னது?" என்று அதட்டினோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பசங்க மத்தியானத்திலே நழுவிப் போறாங்கன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க?" என்றார்.

எண்ணெய் விட்டும் பூட்டு திறக்கவில்லை, உடைக்கத்தான் வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டுமே. பையன்கள் நழுவாமலிருக்க, மத்தியான வேளையில் நாமே அங்கே நாற்காலி போட்டு உட்காருகிறோம்.

இன்றிரவு உங்கள் வீட்டு இரும்புக் கதவைப் பூட்டியபின், அதன் சாவி எங்கே இருக்கிறதென்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள்.