கணக்கு வாத்தியாருக்கு ஒரு கைப்பிடி கோலமாவு

பள்ளிக்கூடத்தில் கைவேலை என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குத் தெர்மாகோல்தான். அப்பா அறுப்பார், அம்மா ஒட்டுவார், அக்கா பெயின்ட் அடிப்பாள், பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய் முதல் பரிசு வாங்கிவரும். ஆண்டுவிழா மேடையில் ஒரு கரகம், வாசலில் ஒரு ரங்கோலி. முடிந்தது பண்பாடு! கைத்தொழில் பீரியடையோ, பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

கடன் வாங்கியதில் எனக்குக் கோபமில்லை. வாங்கிய நேரத்தில் கரும்பலகை முழுக்கச் சூத்திரம் எழுதுகிறாரே, அதில்தான். கையும் கணக்கும் வேறு வேறு என்று யார் சொன்னது?

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்புள்ளியில் நடுவரிசை 7, மேலும் கீழும் 5, 3, 1 என்று குறைத்து வையுங்கள். மொத்தம் 25. இப்போது தலையைச் சாய்த்து மூலைவாட்டில் பாருங்கள். நான்குக்கு நான்காக 16 புள்ளியில் ஒரு சதுரம், அதன் சந்துகளில் மூன்றுக்கு மூன்றாக 9 புள்ளியில் இன்னொரு சதுரம். மேலிருந்து நடுவரிசை வரை கூட்டினால் 1+3+5+7, அதுவும் 16. மிச்சம் 5+3+1, அதுவும் 9. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று மனப்பாடம் செய்தோமே, அது தரையில் கிடக்கிறது. 1970களிலேயே தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வாக எழுதிவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

"குலக்கல்வியைக் கொண்டுவரப் பார்க்கிறாயா?" என்று சிலர் பாயலாம். நியாயமான பயம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகச் சுருக்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழில் பழக வேண்டுமாம். குயவர் பிள்ளைக்கு மண், வக்கீல் பிள்ளைக்கு? பெரியார் கொதித்தார். 1954-இல் காமராஜர் வந்து அதைத் தூக்கிக் கடாசினார், சரியாகச் செய்தார். நான் கேட்பது அதற்கு நேரெதிர். தொழில் பாடநேரத்துக்குள் வர வேண்டும், அது யாருடைய பிறப்போடும் ஒட்டக்கூடாது. வக்கீல் பிள்ளையும் மண் பிசையட்டும், பையன்களும் புள்ளி வைக்கட்டும். (முறைக்காதீர்கள் பசங்களா, கோலமாவு கடிக்காது.)

1937-இல் வார்தாவில் காந்தி சொன்னதும் கைத்தொழில் வழியாகவே மற்றப் பாடங்களையும் நடத்துங்கள் என்பதுதான். பிற்பாடு ராட்டை தனியாகவும் பாடம் தனியாகவும் போனதுதான் வினை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பை இல்லாத 10 நாள் என்கிறது. அந்த நாட்களில் பிள்ளைகள் தச்சரிடமும் குயவரிடமும் போய்ப் பழகலாமாம். போகட்டும், நல்லதுதான். பதினோராம் நாள் வகுப்பில் அந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு கணக்காவது போடாவிட்டால் அது கல்வியா, சுற்றுலாவா?

போர்ஷன் முடிக்க நேரமில்லை என்பார்கள். ஒரே ஒரு பீரியட், வராந்தாத் தரை, ஒரு டப்பா சாக்பீஸ். 7 புள்ளிக்கு 25 வந்ததல்லவா, நடுவரிசையில் 9 வைத்தால் மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சிலிருந்துதான் முதல் பதில் வரும், பந்தயம்!