'இல்லை' என்பதில் எத்தனை 'இல்லை'!

மதிப்பெண் பட்டியல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒருவர் பெயருக்கு நேரே சுழியம். மற்றொருவர் பெயருக்கு நேரே 'வரவில்லை'. இருவரும் தேறவில்லை என்பது உண்மையே. ஆயினும் இருவர் நிலையும் ஒன்றாகுமா? முன்னவர் எழுதித் தோற்றார். பின்னவர் எழுதவே இல்லை. இரண்டையும் சுழியமாகவே போட்டுவிட்டால் கூட்டல் சரியாக வரும், நியாயம் தவறிவிடும்.

கணிப்பொறி நிரல் எழுதும் நம்மில் பலர் நாள்தோறும் செய்யும் தவறு இதுவே என்பது என் கருத்து. 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு, எல்லா விடைகளையும் அவற்றுள் திணித்துவிடுகிறோம். அது போதாது என்பதற்கு மேகக் கணிமைத் துறையிலிருந்து ஒரு சான்று காட்ட விரும்புகிறேன்.

மேகக் கணிமை என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். சொந்தமாகக் கணிப்பொறிகளை வாங்கி வைக்காமல், எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் இருப்பவற்றை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துவதே அது. அப்படி ஓடும் ஒரு பயன்பாட்டையும் அதற்கு வேண்டிய நிரல், தரவு முதலியவற்றையும் சேர்த்து 'ஒர்க்லோடு' என்கிறார்கள். இத்தொழிலில் முன்னோடியான அமேசான் நிறுவனம், ஒர்க்லோடு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 'வெல் ஆர்க்கிடெக்டட்' என்னும் நெறித்தொகுப்பை 2015இல் வெளியிட்டது. 2018இல் அதன்படி ஆய்வு செய்ய ஒரு கருவியையும் அறிமுகப்படுத்தியது. இயக்கச் சிறப்பு, பாதுகாப்பு, நம்பகத்தன்மை, செயல்திறன், செலவுச் சிக்கனம் என்று ஐந்து தூண்கள். 2021இல் நீடித்த நிலைத்தன்மை ஆறாவது தூணாகச் சேர்ந்தது. ஒவ்வொரு தூணின் கீழும் பல கேள்விகள் உள்ளன.

'தரவுகளுக்கு எவ்வாறு காப்புப் படி எடுக்கிறீர்கள்?' என்பது நம்பகத்தன்மைத் தூணில் ஒரு கேள்வி. அதன் கீழே தெரிவுகள் வருகின்றன: தேவையான தரவு அனைத்துக்கும் படி எடுக்கிறோம், எடுத்த படியைப் பாதுகாக்கிறோம், அது தானாகவே நடக்கும்படி செய்திருக்கிறோம், அவ்வப்போது மீட்டெடுத்துச் சரிபார்க்கிறோம். கடைசியில் ஒன்று: 'இவற்றுள் எதுவுமில்லை.'

இந்த விடையை நிரலில் எப்படிச் சேமித்து வைப்பது? இங்கேதான் சுவை இருக்கிறது. கேள்வியின் அடையாளம், தூணின் அடையாளம், தேர்ந்த தெரிவுகளின் பட்டியல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உண்டு. ஒரு தெரிவையும் குறிக்காமல் விட்டால் பட்டியல் வெறுமையாக இருக்கும்; அதற்குப் பொருள் 'எதுவும் செய்யவில்லை' என்பதன்று, 'இன்னும் விடை சொல்லவில்லை' என்பதே. எதுவும் செய்யவில்லை என்றால் 'இவற்றுள் எதுவுமில்லை' என்பதையும் ஒரு தெரிவாகக் குறித்தாக வேண்டும். அதாவது, இல்லை என்பதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும்!

இடர் என்னும் புலமும் இவ்வாறே ஐந்து நிலைகளைக் கொண்டது: உயர்ந்த இடர், நடுத்தர இடர், இடரில்லை, விடையளிக்கப்படவில்லை, பொருந்தாது. பொருந்தாது என்று தள்ளும்போது காரணம் குறிக்கவும் இடமுண்டு. எல்லைக்கு அப்பாற்பட்டது, தொழில் முன்னுரிமை, கட்டமைப்பின் கட்டுப்பாடு, பிற என்று அக்காரணங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குமேல் விளக்கம் எழுத 2084 எழுத்துகள் வரை கொள்ளும் குறிப்புப் புலம் வேறு. அன்றன்றைய நிலையை 'மைல்கல்' என்று பதிந்து வைத்தால், நேற்று என்ன சொன்னோம் என்பதை இன்று மறைக்கவும் முடியாது.

இத்தனை புலங்கள் எதற்கு, ஆம்-இல்லை போதாதா என்று நானும் நினைத்ததுண்டு. வகுப்புத் திட்டப்பணிக்காக உள்தேர்வு மதிப்பெண்களின் சராசரி காணும் நிரல் ஒன்றை எழுதினேன். எண் இல்லாத இடத்தில் சுழியத்தை நிரப்பிவிட்டேன். காய்ச்சலால் ஒரு தேர்வுக்கு வராத தோழி ஒருத்தியின் பெயர், நிரல் தந்த 'பின்தங்கியோர்' பட்டியலில் முதலில் நின்றது. அவள் சிரித்துக்கொண்டே, "நான் எப்போது சுழியம் வாங்கினேன்?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. பிழை கணக்கில் இல்லை. வராமையைச் சொல்ல நான் ஓரிடம் வைக்கவில்லை என்பதில் இருந்தது. அன்றுதான், தரவுக் கட்டமைப்பு என்பது வெறும் சேமிப்புப் பெட்டி அன்று, எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று தீர்மானிக்கும் சட்டம் என்பது புரிந்தது.

'புலங்களைப் பெருக்கினால் மட்டும் மனிதர் உண்மை பேசிவிடுவாரோ?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒருமுறையும் மீட்டெடுத்துப் பார்க்காமலே 'சரிபார்க்கிறோம்' என்று ஒருவர் குறித்துவிட்டால், அவ்விடைப் பதிவு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பொய்யரைத் திருத்தும் ஆற்றல் எந்தக் கட்டமைப்புக்கும் இல்லை. ஆனால் உண்மை சொல்ல விரும்புகிறவரைப் பொய்யராக்காமல் இருக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 'எனக்கு இன்னும் தெரியாது' என்று சொல்ல இடமில்லாத படிவத்தில், நேர்மையாளரும் ஏதேனும் ஒரு பெட்டியில் குறியிட்டுத்தானே ஆக வேண்டும்?

நாளை நம்மில் சிலர் மருத்துவமனைக்கோ, வங்கிக்கோ, அரசு அலுவலகத்துக்கோ நிரல் எழுதுவோம். ஒவ்வாமை 'இல்லை' என்பதும் ஒவ்வாமை பற்றி 'கேட்கவில்லை' என்பதும் ஒன்றாகப் பதிவானால், அதன் விளைவு ஓர் உயிராகவும் இருக்கலாம். ஆகவே, மாணவ நண்பர்களே, ஒரு விடைக்குப் பூலியன் புலம் வைக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். இல்லை, தெரியாது, கேட்கவில்லை, பொருந்தாது: இந்நான்கும் நான்கு வேறு செய்திகள். அவற்றுக்கு நான்கு இடம் கொடுப்பது நினைவகத்தை வீணாக்குவது ஆகாது. மனிதருக்கு மரியாதை செய்வதாகும்.